சீப்பு வந்ததாக எழுதிய ஐந்து நாட்கள்

கழுத்தில் தூரக்கண்ணாடியும் தோளில் கேமராப் பையுமாக வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். நான் இந்த வேலையில் இறங்கியபோது என்னிடம் இருந்தவை இரண்டு கண்களும் ஒரு தோல் கத்தியும்தான். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னை வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஜவ்வாது மலையில் கழுகுகளை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது என்று பெரிய படிப்புப் படித்தவர்களே சொன்ன காலம் ஒன்று உண்டு. எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் தொடக்கமும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். முதலில் பெருமையைச் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

நீங்கள் பாறு என்று எழுதுகிற பறவையை நாங்கள் கழுகு என்றே சொன்னோம். பிணந்தின்னி என்பார்கள் சிலர். நான் அப்படிச் சொன்னதில்லை. ஒரே மாட்டில் பங்கு எடுத்த கூட்டாளியை அப்படிப் பேசக் கூடாது.

என் தொழில் தோல். வாணியம்பாடியில் பதனிடும் கூடங்களில் ஈரத்தோல் சுமந்து வளர்ந்தவன், பதினேழு வயதில் ஒரு சைக்கிளும் ஒரு மூட்டை உப்பும் எடுத்துக்கொண்டு தனியாக மலைக்கு வந்தேன். முப்பது வயதில் சந்தவாசலில் சொந்தமாகத் தோல் மண்டி. யாரும் தூக்கிவிடவில்லை. மலையில் மாடு செத்தால் எனக்கு ஆள் வரும். ஆள் வருவதற்கு முன்பே வானத்தில் கழுகு சுற்றுவது தெரியும். நான் போய்த் தோலை உரித்து எடுப்பேன், மிச்சம் அவற்றுக்கு. உரித்த மாட்டை அரை நாளில் எலும்பாக்கிவிடும். நாற்றமில்லை, நோயில்லை. ஒரு தோலை வெளிச்சத்தில் விரித்தால் அந்த மாடு எந்தக் காட்டில் மேய்ந்தது, எந்த முள்ளில் உரசியது, செத்து எத்தனை நாளாயிற்று எல்லாம் சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணைத்தான் பிறகு கழுகுக்குத் திருப்பினேன்.

திருப்பவைத்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர். சார் என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து படவேட்டுப் பக்கம் சரிகிற காட்டில் ஒரு செங்குத்துப் பாறை உண்டு. எச்சம் வழிந்து வழிந்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கும். குளிர்காலம் தொடங்கினால் அதன் பொந்துகளில் கழுகுகள் கூடு வைக்கும். ஒரு கூட்டுக்கு ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும். நான் முதலில் பார்த்தபோது சார் அந்தப் பாறைக்கு எதிரே ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஏழு கூடு கீது. பதினாலு பறவைன்னு கணக்கு. ஆனா எது எதுன்னு தெரியலியே" என்றார்.

"இன்னா சார் இது, மூஞ்சியப் பாத்தா எப்டித் தெரியும்? றெக்கையப் பாருங்க. அதோ போகுதே, எடது றெக்கை நுனியில மூணாவது இறகு கொக்கி மாதிரி வளைஞ்சி கீது. நேத்தும் அதுதான் மூணாம் கூட்டுல குந்திகினு இருந்துச்சி."

அவர் பறவையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அன்றே நான் தொண்டன் ஆனேன். கூலி கிடையாது, சட்டையில் குத்திக்கொள்ள அட்டை கிடையாது. சார் சனிக்கிழமை வருவார். மற்ற நாட்களில் காலை ஒன்பதிலிருந்து உச்சிப்பொழுது வரை நான். இரண்டு பருவத்தில் பதினாலு பறவைக்கும் இறக்கைப் படம் கரியால் வரைந்து கொடுத்துவிட்டேன். மூன்றாம் கூட்டுக் கொக்கியின் ஜோடிக்கு வலது இறக்கையில் இரண்டு இறகு பாதியில் முறிந்திருக்கும். பல் உடைந்த சீப்பு போல. அதனால் சீப்பு.

சார் எனக்கு இரண்டு கட்டளை போட்டிருந்தார். ஒன்று, இறக்கையைப் பார்த்த பிறகுதான் பேர் எழுத வேண்டும். பார்க்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். இரண்டு, ஒரு ஜோடியில் ஒன்று இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கண்ணில் படாவிட்டால் மலைப் பேருந்துக் கண்டக்டரிடம் சீட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும். மறுநாளே ஆட்களோடு வந்து சுற்றுவட்டாரத்தில் செத்த மாடு எங்கே கிடக்கிறது என்று தேடுவார். "கழுகு தனியாச் சாவாது பாய். ஒண்ணு எங்க தின்னுச்சோ அங்கதான் மத்ததும் தின்னும்" என்பார்.

இரண்டாவது கட்டளை எனக்குப் புரிந்தது. முதலாவதை நான் மதிக்கவில்லை. காலியிடம் விடுவது கண் தெரியாதவன் வேலை என்று நினைத்தேன். என் நோட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. சார் அதைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருக்கும்.

அந்தத் தை மாதம் மூன்றாம் கூட்டுக் குஞ்சுக்கு இருபது நாள் இருக்கும். அந்த வயதில் அதற்குத் தாயும் தகப்பனும் இருவருமே வேண்டும். பாறை வெயிலில் காயும்போது ஒன்று இறக்கையை விரித்து நிழல் கொடுக்க வேண்டும். இன்னொன்று போய் இரை கொண்டுவர வேண்டும். ஒன்று வரும், ஒன்று போகும். நான் பார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

நான் உட்காருகிற இடத்தில் ஒரு சங்கடம் இருந்தது. கூட்டுக்கு வருகிற பறவை காலைச் சூரியனுக்குள்ளிருந்து வரும். கண் கூசும், கறுப்பாக ஒரு உருவம் பொந்துக்குள் நுழைவதுதான் தெரியும். போகிற பறவை மட்டும் என் தலைக்கு மேலே விரித்துக்கொண்டு போகும். எழுத்துப் படிப்பது போலப் படிக்கலாம். வேறு பாறைக்கு நகர்ந்தால் வருவதையும் பார்த்திருக்கலாம். அதற்கு அரை மணி நேரம் ஏற வேண்டும். எதற்கு? உள்ளே கொக்கி இருக்கிறது, வருவது சீப்பாகத்தானே இருக்க வேண்டும்? சீப்பு வந்தது என்று எழுதுவேன். கொஞ்ச நேரத்தில் கொக்கி வெளியே போகும். கொக்கி போனது. முறை சரி. மற்ற கூடுகளுக்கும் இதே கதைதான்.

அந்த வாரம் திங்கட்கிழமை சந்தையில் ஒரு செய்தி வந்தது. வெள்ளையனின் எருது செத்துவிட்டது.

வெள்ளையன் அந்தப் பாறைக்குக் கீழே சாமையும் கேழ்வரகும் போடுகிற மலைக்காரன். என் வயது. மலைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டு, அவன் வூட்டில்தான் பத்து நாள் கிடந்தேன். அவன் மாடு செத்தால் எனக்குத்தான் ஆள் வரும். அன்று வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

தோல் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. மாட்டுக்காரன் யாரைக் கூப்பிட்டானோ அவன்தான் போகலாம். மற்றவன் அந்த மாடு கிடக்கிற திசைக்கே போகக் கூடாது. போனால் எச்சில் இலைக்கு நின்ற மாதிரி. ஆலங்காயத்துப் பக்கமிருந்து ஒரு தோல்காரர் அப்போது மலையில் நடமாட ஆரம்பித்திருந்தார். சரி, வெள்ளையன் அவரைக் கூப்பிட்டுவிட்டான், பத்து நாள் கஞ்சி ஊற்றியவனே என்னை மாற்றிவிட்டான் என்று முடிவு கட்டினேன். ஒரு கூப்பிடு தூரம். போய், "ஏன்யா கூப்டல?" என்று கேட்டிருந்தால் தீர்ந்தது. நான் கேட்கவில்லை. பாறைக்குப் போவதற்கும் அவன் கொல்லை வழியை விட்டு வேறு வழி பிடித்தேன். என்னைப் போன்றவன் கேட்டுக்கொண்டு போவதா?

காலைக்கு ஒரு மாற்று என்று வெள்ளி வரை நோட்டு நிரம்பியது. சீப்பு வந்தது, கொக்கி போனது. சீப்பு வந்தது, கொக்கி போனது.

சனிக்கிழமை சார் வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாறையைப் பார்த்தார். சூரியனுக்குள்ளிருந்து ஒன்று வந்து மூன்றாம் பொந்தில் நுழைந்தது.

"வந்தது யாரு பாய்?"

"சீப்பு."

"றெக்கையப் பாத்தீங்களா?"

"பாக்கணுமா சார்? அதோட முறை இது."

அவர் மற்ற ஆறு பொந்துகளையும் விரலால் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினார். "ரெண்டுல ஒண்ணு குந்திகினு கீது. அந்த நாலுல காலையிலேருந்து ஒண்ணும் வரல, ஒண்ணும் போகல. எழுதிகினே இருந்தீங்களே, பாக்கல?"

 அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"கீழ எங்கனா மாடு செத்துச்சா?"

"செத்துச்சி சார். வெள்ளையன் எருது. திங்கக்கிழமையே."

"நீங்க போகல?"

"என்னக் கூப்டல."

அந்தப் பதில் என் வாயிலிருந்து வரும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோலுக்கு ஆள் கூப்பிடாத மாடு மருந்து வைத்த மாடு. ஐந்து நாளாக என் கண்ணுக்கு முன்னால் வானம் காலியாகிக்கொண்டே வந்தது. சுற்றிப் பறக்க ஆள் குறைந்துகொண்டே வந்தது. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

ஓடினோம். வெள்ளையன் கொல்லையைத் தாண்டி ஓடைப் பள்ளத்தில் எருது கிடந்தது. தோல் அப்படியே இருந்தது. ஆலங்காயத்துக்காரர் வரவில்லை, யாரும் வரவில்லை. மேலே போட்டிருந்த தழையெல்லாம் இழுத்து எறியப்பட்டிருந்தது. சுற்றிலும் கழுகுகள். சில குப்புற, சில மல்லாக்க. ஒன்று ஓடையில் தலையை வைத்துத் தண்ணீர் குடிக்கப் போன நிலையிலேயே கிடந்தது. பதினொன்று.

வெள்ளையன் எங்களைக் கண்டதும் வந்தான். பின்னால் அவன் பெண்டாட்டி பொன்னியும் வந்தாள்.

"இன்னாய்யா பண்ண?" என்று நான் கத்தினேன்.

"சிறுத்தை அடிச்சிப் போட்டுச்சி. மறுபடி தின்ன வரும்னு கரும்புக்கு அடிக்கிற மருந்த வெச்சேன். ஒத்தை எருத வெச்சிகினு நான் எப்டி ஏர் ஓட்றது?"

"எனக்கு ஏன் ஆள் அனுப்பல?"

"அனுப்புனா நீ உடனே கத்தியத் தூக்கிகினு வந்து குந்துவ. உங் கையில எப்பவும் வெட்டு. அதுல மருந்து ஏறி நீ செத்தா உம் பொண்டாட்டிக்கு நானா பதில் சொல்றது?"

பொன்னிக்கு அடக்க முடியவில்லை. "மொத நாளே சிலது வுழுந்துச்சி. அப்புறம் ரெண்டு நாளு நானும் இவுரும் கல்ல வுட்டு வெரட்னோம் பாய். களையெடுக்கப் போகாம எத்தினி நாளு நிக்கறது? நீங்க எப்பவும் இந்த வழியாத்தான வருவீங்க. வந்தா, அந்த சார்கிட்டச் சொல்லிப் பொதைக்க ஏற்பாடு பண்ணச் சொல்லலாம்னு பாத்துகினே இருந்தோம். ஏன் வரல?"

 அவள் என்னைத்தான் கேட்டாள். நான் சாரைப் பார்த்தேன். அவர் குனிந்து முதல் கழுகைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கையை விரித்தோம். பறக்கும்போது படித்த இறக்கைகளைத் தரையில் வைத்துப் படித்தேன். இப்போது கண் கூசவில்லை. ஒன்றாம் கூடு, இரண்டும். நாலாம் கூடு, ஒன்று. ஐந்து, ஆறு, இரண்டிரண்டு. மூன்று பறவைகள் எங்கள் பாறையைச் சேர்ந்தவையே அல்ல, வேறெங்கிருந்தோ வந்தவை. எருதின் வயிற்றோரம் மற்றவற்றுக்கு அடியில் ஒன்று கிடந்தது. அதை இழுத்து வலது இறக்கையை விரித்தேன். இரண்டு இறகு பாதியில் முறிந்திருந்தது.

சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இது செத்து எத்தினி நாளு இருக்கும் பாய்? நீங்க சொன்னா தப்பாது."

கண் இருந்த இடத்தில் எறும்பு. வயிற்றுத் தோல் விரலுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று அந்த நிமிஷம் ஆசைப்பட்டேன், மறைக்கவில்லை. நேற்று என்று சொல்லியிருந்தால் நோட்டும் நானும் தப்பியிருப்போம். ஆனால் என்னை மனுஷனாக்கிய ஒரே வித்தை அதுதான். அதிலும் பொய் சொன்னால் அப்புறம் என்னிடம் என்ன இருக்கிறது?

"அஞ்சு நாளு சார். திங்கக்கிழமையே செத்துட்டுது."

அவர் நோட்டைத் திறந்தார். செவ்வாய், சீப்பு வந்தது. புதன், சீப்பு வந்தது. வியாழன், வெள்ளி, அன்று காலையும். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எந்த வரி நீங்க பாத்தது, எந்த வரி நீங்க நெனச்சதுன்னு எனக்குத் தெரியாது. நீங்களே அடிச்சிக் குடுங்க."

வெள்ளையனும் பொன்னியும் பார்த்துக்கொண்டிருக்க, ஓடைக்கல்லில் உட்கார்ந்து அடித்தேன். அந்த வாரத்தை மட்டும் அடிக்கலாம் என்று ஆரம்பித்தேன். கை நிற்கவில்லை. போன மாதம், அதற்கு முந்தைய மாதம், பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. வந்தவை பெரும்பாலும் நினைத்தவை. போனவை பார்த்தவை. கடைசியில் நோட்டில் பாதிதான் மிஞ்சியது. சார் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "இது போதும். இது நல்ல நோட்டு" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா, இன்றைக்கும் தெரியவில்லை.

பிள்ளைகளே, மூன்றாம் கூட்டில் அத்தனை நாளும் நடந்தது இதுதான். ஜோடி வராததால் கொக்கி குஞ்சை விட்டுவிட்டுத் தூரம் போக முடியாமல் பாறையைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. சூரியனுக்குள்ளிருந்து வந்ததும் கொக்கி. என் தலைக்கு மேலே போனதும் கொக்கி. ஒரு பறவை தனியாகப் பட்ட அவஸ்தையை நான் இரண்டு பறவைகளின் ஒழுங்கு என்று எழுதினேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால் புதன் மாலையே சீட்டுப் போயிருக்கும். வியாழன் சார் வந்திருப்பார். அன்று கிடந்த பதினொன்றில் மூன்று மட்டுமே பழையவை. மற்ற எட்டும் வியாழனும் வெள்ளியும் செத்தவை. அதையும் நான்தான் தொட்டுப் பார்த்துச் சொன்னேன்.

எருதையும் கழுகுகளையும் அன்றே ஆளுயரக் குழி வெட்டிப் புதைத்தோம். வெட்டியது பெரும்பாலும் வெள்ளையன்தான். தலையை நிமிர்த்தாமல் வெட்டினான். 

காலியான நாலு கூடுகளுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. மூன்றாம் கூட்டில் குஞ்சு உயிரோடு இருந்தது. எப்படியாவது அதையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று எனக்கு வெறி. கொக்கி தூரம் போகாமல் தின்னட்டும் என்று, நோயில்லை என்று நான் கண்ணால் பார்த்துத் தெரிந்த ஆட்டை அறுத்து, உரித்து, பாறைக்கு எதிர்ச்சரிவில் போட ஏற்பாடு செய்தேன். வெள்ளையன் கேட்காமலே தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். நான் அரை மணி நேரம் ஏறி, நகர மறுத்த அந்த மேல்பாறையில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பொந்துக்குள்ளேயே தெரிந்தது.

ஞாயிறும் திங்களும் கொக்கி இறங்கவில்லை. வெயில் ஏற ஏற, குஞ்சின் மேல் இறக்கையைப் பாதி விரித்துக்கொண்டு நின்றது. வெயில் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. குஞ்சு கழுத்தை நீட்டி அதன் அலகைத் தட்டும். கொடுக்க அதன் தொண்டையில் ஒன்றுமில்லை. நிழலா இரையா என்று அது இரண்டு நாள் நின்றது. இரண்டையும் பார்த்துக்கொள்ள ஒரு ஜோடி வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணி வாக்கில் அது பாறையை விட்டு விழுந்து இறங்கியது. எதிர்ச்சரிவில் ஆடு கிடக்கிற இடத்தில் இறங்காமல் இரண்டு சுற்றுச் சுற்றியது. ஆள் நடமாட்டம் கண்ணில் பட்டிருக்கும். பயந்திருக்கும். கடைசியில் இறங்கித் தின்ன ஆரம்பித்தது. நேரம் போனது. பொந்துக்குள் வெயில் முழுதாக விழுந்துவிட்டது. குஞ்சு முதலில் சுவரோரம் ஒண்டியது. பிறகு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நான் கையை ஆட்டி வெள்ளையனைப் பார்த்துக் கத்தவும் முடியாது. கத்தினால் தின்கிற பறவை எழுந்துவிடும். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உச்சிக்குக் கொக்கி திரும்பியது. தொண்டைப் பை புடைத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பொந்தில் இறங்கி, குஞ்சின் மேல் குனிந்து, அலகைத் திறந்து காத்திருந்தது. மறுபடி குனிந்தது. மறுபடி திறந்தது.

கீழே சரிவிலிருந்து வெள்ளையன் கையை வாயில் குவித்துக்கொண்டு கேட்டான்.

"பாய்! வந்துட்டுதே! குஞ்சு தின்னுதா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் வரவில்லை.

"இரு, இன்னும் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

வெயில் பொந்தை விட்டு நகரும் வரை பார்த்தேன். கொக்கி இறக்கையை மடக்கவில்லை. நிழல் விழுந்துவிட்ட பிறகும் அதன் மேல் விரித்துக்கொண்டே நின்றது. பொழுது சாயத் தொடங்கியதும் இறங்கிவந்து, குஞ்சு செத்துவிட்டது என்று வெள்ளையனிடம் சொன்னேன். அவன் தோளில் அடுத்த நாளைக்கான ஆட்டுத்தொடை இருந்தது. அதை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வூட்டுப் பக்கம் நடந்தான்.